நாடாவின் மிச்சத்தில் வந்த பாட்டு: அறிமுகம் செய்கிறவருக்குக் கூலி கொடுப்பது யார்?

எண்பதுகளின் நடுவில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று கேசட் ஒன்றை வாங்கி (கையில் காசில்லாதபோது வீட்டில் கேட்டுச் சலித்த பழைய கேசட்டையே கொடுத்து), வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அக்காவின் தாளை நான்தான் கொண்டுபோவேன். நாலு பையன்கள் எந்நேரமும் நின்றுகொண்டிருக்கிற கடையில் வயசுப்பிள்ளை போய் நிற்பதாவது! ஆக, காது அவளுடையது, கால் என்னுடையது.

அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு பதிந்தால் மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவது பாட்டுக்கு அதில் இடம் பற்றாது. வெறுமனே விட்டாலோ கேட்கிறவருக்கு எரிச்சல். கடைக்கார அண்ணன் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "தம்பி, மூணு நிமிசம் சொச்சம் கெடக்கு. என்ன போடட்டும்?"

"நீங்களே ஏதாச்சும் போட்டுவிடுங்கண்ணே."

அந்த 'ஏதாச்சும்' பெரும்பாலும் பழைய பாட்டாகவே இருக்கும். இதற்கு அவருடைய ரசனை மட்டும் காரணமல்ல. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்றரை நிமிடம்தான் இடம். அந்தக் காலத்துப் பாட்டுகள் அந்த அளவுக்குத் தைத்த சட்டைகள். எண்பதுகளின் கேசட் மிச்சத்தில் முப்பதுகளின், நாற்பதுகளின் பாட்டு கச்சிதமாக உட்காரும். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் எஸ்.ஜி.கிட்டப்பா வந்தார் (1933இல் செத்துப்போன மனிதர்). தண்டபாணி தேசிகர் வந்தார். ஒருமுறை பாட்டே இல்லாமல் வெறும் நாயனம் வந்தது. அக்கா முதலில் திட்டினாள். "காசு குடுத்தது நாம, அவரு இஷ்டத்துக்கு எதையோ பதிஞ்சு வச்சிருக்காரு." ஏழெட்டு கேசட் கழிந்தபிறகு அவளே தாளின் அடியில் எழுத ஆரம்பித்தாள்: 'மிச்சத்தில், போன தடவை போட்டவர் பாட்டு வேறு இருந்தால் போடவும்.'

'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. சட்டப்படி பார்த்தால் அது திருட்டுக் கடை. பாட்டை எழுதியவருக்கோ பாடியவருக்கோ அங்கிருந்து ஒரு பைசா போனதில்லை. நான் கேட்க நினைப்பது வேறு. அந்த மூன்று நிமிடத்தை நிரப்பியதற்கு அண்ணனுக்குக் கூலி கொடுத்தது யார்? அக்கா. எதை வைத்து நிரப்பினாலும் அவருக்குக் கிடைக்கிற காசு ஒன்றுதான். கிட்டப்பாவைப் போட்டால் மேற்கொண்டு தருவதற்கு எந்தக் கம்பெனியும் கிடையாது. அதனாலேயே அது நல்ல தேர்வு என்று வாதாட மாட்டேன், கண்றாவியான பாட்டுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தேர்வை யாரும் அவரிடமிருந்து விலைக்கு வாங்கியிருக்கவில்லை.

*

விளம்பரத்தை நம்பாமல் பாட்டையோ படத்தையோ எப்படிக் கண்டடைவது என்பதை நம் வட்டாரத்தில் ரசனை பற்றிய கேள்வியாகவே பேசி வந்திருக்கிறோம். அடோர்னோவும் ஹொர்க்ஹைமரும் நாற்பதுகளில் 'பண்பாட்டுத் தொழில்' பற்றிச் சொன்னதைச் சிறுபத்திரிகைகள் சலிக்கச் சலிக்க எழுதிவிட்டன. ஜனங்களுக்கு எது வேண்டும் என்பதைத் தொழிலே தயாரித்து, அதை ஜனங்களின் விருப்பம் என்று அவர்களிடமே விற்கிறது, சரி. அப்படியானால் நமக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது? 'தேடினோம்' என்போம். இந்தத் 'தேடல்' என்கிற சொல் எனக்குச் சந்தேகத்துக்குரியது. தனியொரு மேதை காட்டுக்குள் போய் மூலிகை பறித்துவந்த மாதிரி ஒரு கதையாடல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. யாருக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்த நண்பர்கள், எந்த மொழி வாய்த்தன என்பதையெல்லாம் மறைத்துவிட்டு மிச்சமிருப்பதை 'என் ரசனை' என்று சொல்லிக்கொள்கிறோம் என்றார் (என் சொற்களில்). எதுவும் தானாக நம் கைக்கு வருவதில்லை. படைப்புக்கும் நமக்கும் நடுவில் எடுத்துக் கொடுக்கிற ஒரு கை இருக்கிறது. நூலகர், ரேடியோ அறிவிப்பாளர், திரைப்படச் சங்கச் செயலாளர், பத்திரிகை மதிப்புரையாளர், டீக்கடை நண்பர் என்று அந்தக் கைக்குப் பல வேஷம்.

ஆகவே 'எது நல்லது' என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, 'எடுத்துக் கொடுக்கிற கைக்குக் கூலி யார் தருகிறார்கள்' என்று கேட்டுப் பார்க்கலாம். விற்கிறவர் தந்தால் அது சந்தைப்படுத்தல். அந்த ஆள் எவ்வளவு நல்லவராக, விஷயம் தெரிந்தவராக இருந்தாலும் சரி. கேட்கிறவர் தந்தால், அல்லது யாருமே தராமல் அவர் தன் கிறுக்கில் செய்தால், அது வேறொன்று.

இத்தோடு முடித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் வானொலியின் கதை இந்தச் சூத்திரத்துக்குள் அடங்க மறுக்கிறது. 1952இல் பி.வி.கேஸ்கர் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மட்டமானது என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாகக் காணாமல் போயிற்று. ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவிதபாரதியைத் தொடங்க வேண்டிவந்தது அதனால்தான். இங்கே அகில இந்திய வானொலிக்குக் கூலி கொடுத்தது அரசு. விற்கிறவர் காசு அதில் இல்லை. ஆனாலும் மேலே உட்கார்ந்திருந்த ஒருவர், உழைக்கிற ஜனங்களின் காதுக்கு எது தகுதி என்று முடிவுசெய்தார். இலங்கை வானொலிக்குக் கூலி கொடுத்ததோ விளம்பரதாரர்கள். 'வர்த்தக சேவை' என்று பெயரிலேயே அதை ஒத்துக்கொண்ட வானொலி அது.

இருந்தும் அந்த வர்த்தக வானொலி தமிழ்நாட்டுத் தென்கோடி ஜனங்களுக்குக் கொடுத்த ஒன்றை எந்த அரசு நிறுவனமும் கொடுக்கவில்லை. கே.எஸ்.ராஜாவோ பி.எச்.அப்துல் ஹமீதோ, பாட்டைப் போடுமுன் படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆள்கூட டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "இது மருதகாசி பாட்டு மாதிரி இருக்கே" என்று சொல்கிற அளவுக்கு அது ஒரு படிப்பு. பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த பாட்டுக்கு அறிவிப்பாளர் தேவையில்லை, நாமே போய்விடலாம். கூலிக் கேள்வியோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது: நடுவில் நிற்கிறவர், அவர் இல்லாமல் நாம் மேலே போவதற்கு வழி விட்டுவைக்கிறாரா?

*

சில வருஷங்களுக்கு முன் அக்கா வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் கிட்டப்பா பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டேன். கேசட்டில் அந்தப் பாட்டு கடைசி வரிக்கு முன்னாலேயே அறுந்துவிடும், நாடா தீர்ந்துபோயிருந்தது. முப்பது வருஷமாக அவளுக்கு அது முடிவில்லாத பாட்டு. முழுசாகக் கேட்டாள். முடிந்த கையோடு, நாங்கள் தொடாமலே, வேறேதோ பாட்டு ஆரம்பித்தது.

"இது யாருடா போட்டது?"

"யாரும் போடலக்கா. அதுவா போகுது."

"அதுவா எப்படிப் போகும்?"

நல்ல கேள்வி. அதுவாகப் போவதில்லை. அமெரிக்காவில் ஐம்பதுகளில் இதற்கு ஒரு பெயர் இருந்தது, 'பேயோலா'. இசைத்தட்டுக் கம்பெனிகள் ரேடியோ அறிவிப்பாளர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துத் தங்கள் தட்டைத் திரும்பத் திரும்பப் போட வைத்தன. 1959இல் விசாரணை கிளம்பியது. ராக் அண்ட் ரோலைப் பரப்பிய ஆலன் ஃப்ரீட் வேலையை இழந்தார். 1962இல் குற்றத்தை ஒத்துக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். 1960இல் வந்த சட்டத்தின் கூர்மை கவனிக்கத்தக்கது. காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவதை அது தடுக்கவில்லை. வாங்கியதைக் கேட்பவரிடம் சொல்லாமல் போடுவதைத்தான் குற்றமாக்கியது.

2020 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஒரு திட்டத்தை அறிவித்தது. பெயர் 'டிஸ்கவரி மோட்'. கண்டடைதல் என்கிற சொல்லையே எடுத்துக் கடைப் பலகையில் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலைஞரோ கம்பெனியோ முன்பணம் எதுவும் தரவேண்டாம். குறிப்பிட்ட பாட்டுகளைத் தேர்ந்து கொடுத்தால், கேட்கிறவர் கேட்டு முடித்தபின் 'தானாக' ஓடுகிற வரிசையிலும் அவருக்காக அடுக்கப்படுகிற 'ரேடியோ' வரிசையிலும் அந்தப் பாட்டுகள் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுவார்கள். அதற்கு விலை, அந்த இடங்களில் ஓடுகிற ஓட்டத்துக்கு உரிமைத் தொகையில் ஒரு வெட்டு. கமிஷன் 30 சதவீதம். 2021 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர், இதனால் கலைஞர்கள் ஒருவரோடொருவர் போட்டிபோட்டுத் தங்கள் கூலியைக் குறைத்துக்கொண்டே போகவேண்டி வராதா என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். கேட்கிற நமக்கோ, தானாக வந்த இந்தப் பாட்டு அப்படிப்பட்ட பாட்டா இல்லையா என்பது கேட்கும்போது தெரியாது. அறுபது வருஷத்துக்கு முந்தைய சட்டம் எதைச் சொல்லச் சொன்னதோ, அதுவே இங்கே சொல்லாமல் விடப்படுகிறது.

காசு வாங்காத நேரத்திலும் இந்த இயந்திரம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பாட்டைத் தெரியாது என்று சொன்னால் பெரிய தவறில்லை. அதற்குப் பிரதானமாகத் தெரிந்தது, இதைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்பது. உங்களைப் போலக் கேட்கிற ஆயிரம் பேரைப் பிடித்து, அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காததை உங்கள் முன் வைக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இதற்கு ஒரு பிறவிக்கோளாறு உண்டு. யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி அதனிடம் தகவலே இல்லை. புதிதாக வந்ததும், மிகப் பழையதும், சின்ன மொழியில் இருப்பதும் அதன் கண்ணில் படுவதற்கு முன் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பந்தியில் இலை போட்டவனுக்குத்தான் சோறு, சோறு வாங்கியவனுக்குத்தான் இலை! தொழில்நுட்பக்காரர்களும் இதை நன்றாக அறிவார்கள். பாட்டின் ஒலியையே பகுத்துப் பார்ப்பது மாதிரி ஒட்டுகளும் போடுகிறார்கள். ஆனாலும் பெருவாரியானவர் கேட்பதையே பெருவாரியானவருக்குக் காட்டுகிற சாய்வு அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. விளம்பரம் செய்து முதல் லட்சம் பேரைக் கேட்கவைத்தவனுக்கு அடுத்த பத்து லட்சத்தை இயந்திரமே இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கும்.

*

சரி, என்னதான் செய்வது என்பீர்கள். எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் பழைய, மிகவும் செலவில்லாத வழி பெயரைப் பிடித்துக்கொண்டு போவது. ஒரே ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

'அந்த நாள்' (1954) என்ற படத்தைப் பாட்டில்லாத தமிழ்ப் படம் என்ற அளவில் பலருக்குத் தெரியும். ஏவி.எம். தயாரிப்பு, சிவாஜி நடித்தது. பாட்டு இல்லை என்று அன்றைக்கு ஜனங்கள் கோபித்துக்கொண்டார்கள், ஓடவில்லை. அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் இருந்து மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இயக்குநர் எஸ்.பாலசந்தர். இவரைத் தொடர்ந்து போனால் நீங்கள் போய்ச் சேருகிற இடம் சினிமா அல்ல, வீணை. வீணை பாலசந்தர் என்று உலகம் அறிந்தவரும் இவரும் ஒரே ஆள். வீணை வேண்டாம், சினிமாதான் வேண்டும் என்றால், இந்தப் படத்துக்குத் தூண்டுதலாக இருந்த குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) பக்கம் திரும்பலாம். திரைக்கதை எழுதியவர் ஜாவர் சீதாராமன், படத்தில் நடிக்கவும் செய்திருக்கிறார். இவரைத் தொடர்ந்தால் 'உடல் பொருள் ஆனந்தி' என்கிற தொடர்கதைக்கு, அதாவது வெகுஜனப் பத்திரிகையின் மர்மக்கதை உலகத்துக்குப் போவீர்கள். நம்மவர்கள் மூக்கைச் சுளிக்கிற இடம்தான்; போய்ப் பாருங்கள், நஷ்டமில்லை. ஒளிப்பதிவு எஸ்.மாருதிராவ். நிழலை இப்படி வெட்டிப்போட்ட ஆள் வேறு எதை எடுத்தார் என்று பார்த்தால் 'பராசக்தி' (1952) வந்து நிற்கிறது. வசனத்துக்காகவே நாம் கேட்ட படத்தை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தோற்ற படத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் ஜப்பானுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் குமுதத்துக்கும் திராவிட இயக்கத்துக்கும் போய் வந்தாயிற்று. வழியில் எவரும் நமக்கு எதையும் விற்கவில்லை.

இதே பாலசந்தர் 'பொம்மை' (1964) படத்தின் கடைசியில் தன்னோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகத் திரையில் ஆளையே காட்டி அறிமுகம் செய்துவைத்தார். இன்றைக்கு ஓடிடியில் ஒரு படம் முடிகிறது. பெயர்கள் ஏறத் தொடங்கியதும் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போகிறது, 'அடுத்தது இத்தனை நொடியில்' என்று எண்ணிக்கை ஓடுகிறது. கேசட் அட்டையின் உள்மடிப்பில் பொடி எழுத்தில் பாடலாசிரியர் பெயர் இருந்தது. பல செயலிகளில் அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கடையை விட்டு வெளியே போய்விடலாம் அல்லவா? கடைக்காரருக்கு அதில் என்ன லாபம்.

*

தனியாளாகப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதற்கும் ஒரு எல்லை உண்டு. படச்சுருள் காலத்தில் பெயர் தெரிந்தாலும் படம் கிடைக்காது. அங்கேதான் சங்கங்கள் வந்தன. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் மற்றவர்களும் தொடங்கிய கல்கத்தா பிலிம் சொசைட்டி, 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் கூட்டாளிகளும் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா என்று இந்த வரலாற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நகரத்து சொசைட்டிகள் அல்ல, கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஹெக்கோடு என்கிற கிராமம்.

அங்கே 1949இலிருந்து நீநாசம் என்கிற நாடகக் குழு உண்டு. கே.வி.சுப்பண்ணா அதன் உயிர்நாடி. எழுபதுகளில் அவர்கள் சினிமாவுக்குள் இறங்கினார்கள். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கி வளர்த்த பி.கே.நாயர் பெட்டி பெட்டியாகப் படச்சுருள் அனுப்பினார். பாக்குப் பறிக்கிறவர்களும் வயலில் வேலை செய்கிறவர்களும் 'பதேர் பாஞ்சாலி'யும் 'ரஷோமோ'னும் பார்த்தார்கள். 2012இல் நாயரைப் பற்றி வந்த 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படத்தில் அந்த ஊர்க்காரர்களே உட்கார்ந்து அந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். 'இதெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது' என்கிற நம் அறிவுஜீவி சோகம் அந்த இடத்தில் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும். நாயருக்குச் சம்பளம் கொடுத்தது அரசுதான். கேஸ்கருக்கும் அதே அரசுதான். ஒருவர் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார், இன்னொருவர் கதவைத் திறந்து விட்டார். கூலிக் கேள்வி எவ்வளவு முக்கியமானாலும் அது எல்லாவற்றையும் விளக்காது என்று நான் ஒத்துக்கொள்கிற இடம் இது.

கேரளத்தில் ஜான் ஆப்ரஹாம் 1984இல் தோழர்களோடு ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, பார்த்த ஜனங்களிடமே நன்கொடை திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிய செய்தியல்ல. வெங்கட் சாமிநாதன் எழுதி அவர் தமிழில் எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) நமக்கு எத்தனை பேருக்குப் பார்க்கக் கிடைத்தது என்பது தனிக்கதை. நான் சுட்டவருவது அந்த 'தி கிட்'டைத்தான். புதுப் படத்துக்குக் காசு சேர்ப்பதற்காக 1921ஆம் வருஷத்துப் பழைய படம் ஒன்று கிராமங்களுக்குள் போனது. பழையது புதியதைச் சுமந்து வந்தது.

இங்கே தமிழில் இதற்கு இணையான ஒன்று சினிமாவில் அல்ல, பாட்டில்தான் நடந்தது. இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' எந்த வானொலி நிலையத்தின் தயவிலும் பரவியதல்ல. மேடை மேடையாகப் போனது, கேசட்டாகப் போனது, கேட்டவர்கள் வாயில் போனது. கேசட் என்கிற கருவி மலிவானதால்தான் இது சாத்தியமாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். எழுபதுகளின் கடைசிவரை இந்தியாவில் இசைத்தட்டுச் சந்தை அநேகமாக ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. கேசட் வந்து நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களை உண்டாக்கியது. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட நூலில் வடஇந்தியக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கதையை யாராவது உட்கார்ந்து எழுதினால் நல்லது, பொதுக்கூட்டத் திடலில் துண்டு விரித்துக் கேசட் விற்ற தோழர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தச் சங்க வழியைப் பற்றி மனக்குறைகளும் உண்டு. இரவு ஒன்பதரைக்கு முடிகிற திரையிடலில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? எங்கள் ஊர்ப் பக்கம் நான் போன திரையிடல்களில் விரல்விட்டு எண்ணலாம். அக்கா ஒன்றுக்கும் வந்ததில்லை. சேரியில் ஏன் திரை கட்டவில்லை என்று கேட்டபோது "அங்க கரண்ட் கனெக்‌ஷன் எடுக்கிறது செரமம் தோழர்" என்றார்கள். தவிர, உலக சினிமா என்று ஒரு பத்துப் பெயர் உண்டு. அதே பத்துப் பெயரைத்தான் எல்லாச் சங்கமும் போடும். விளம்பரமே இல்லாமல் ஒரு நட்சத்திரப் பட்டியலை நாமும் கட்டி எழுப்பினோம்.

நம் பத்திரிகைகளின் மதிப்புரைப் பக்கத்தையும் இதே கேள்வி முன் நிறுத்திப் பார்ப்பதுதான் நேர்மை. 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று போடுகிறோம். அந்த இரண்டு பிரதி யார் தருகிற கூலி? எழுதியவர் தருவது. இன்றைக்கு என் தொகுப்புக்கு நீங்கள், நாளைக்கு உங்கள் தொகுப்புக்கு நான். இயக்கத் தோழர்கள் இன்னொரு விதம். அமைப்பு கைகாட்டிய பாட்டை மட்டும் கேட்பார்கள், கைகாட்டிய படத்தை மட்டும் பார்ப்பார்கள், அமைப்பு உடைந்தால் பாட்டும் உடைந்துவிடும். இரண்டிலும் நான் இருந்திருக்கிறேன், ஆகவே யாரையும் பெயர் சொல்லிக் குறைகூறத் தகுதியில்லை.

*

விளம்பரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியபிறகு அதற்குச் சேரவேண்டிய ஒன்றையும் கொடுத்துவிட வேண்டும். பழையதைத் தேடுகிறவருக்கு, செத்துப்போன விளம்பரத்தை விட நல்ல வழிகாட்டி குறைவு. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஞாபகம் இருக்கும். கதைச் சுருக்கம் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்பார்கள். சுருள் அழிந்துபோன எத்தனையோ படங்களுக்கு அந்தப் புத்தகம்தான் மிச்சம். மீதியைக் காண வெள்ளித்திரை இல்லை. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் ஆரம்ப காலத் தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுத இப்படிப்பட்ட காகிதங்கள்தான் உதவின. கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே அது நூலகமாயிற்று. தமிழ் சினிமாவின் தகவல்களைத் தனியாளாகத் திரட்டிவைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் (மறைவு 2016) யார்? 1958இல் 'நாடோடி மன்ன'னுக்கு வேலை செய்த, தமிழின் முதல் பி.ஆர்.ஓ.! சந்தைப்படுத்தலின் பிதாமகரே நம் ஆவணக் காப்பாளரும். விற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது நோட்டீஸ் நமக்கு வழிசொல்ல ஆரம்பிக்கிறது. மௌனப் படமான 'மார்த்தாண்ட வர்மா' (1933) நமக்குக் கிடைத்தது இன்னும் வேடிக்கை. நாவலின் உரிமை பற்றிய வழக்கில் படம் முடக்கப்பட்டு, சுருள் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடை ஒன்றில் கிடந்ததால் பிழைத்தது. 1974இல் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இசைத்தட்டுப் பக்கத்தில், 1990இல் மும்பையில் தொடங்கிய இசைத்தட்டு சேகரிப்போர் சங்கத்துக்காரர்கள் ஓடியன், யங் இந்தியா கம்பெனித் தட்டுகளை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்மப்படுத்தியிருக்கிறார்கள். பழைய தமிழ் நாடகப் பாட்டுகளும் அதில் உண்டு. இயந்திரம் உங்களுக்கு அதைக் காட்டாது.

எங்கள் ஊரில் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் கூடுகிறோம். மதியம், ஏனென்றால் அப்போதுதான் பெண்கள் வர முடிகிறது. ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும்: பாட்டு, படத்தில் ஒரு துண்டு, பழைய பத்திரிகை, எதுவானாலும். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்கிறோம். என்ன, யார் கொண்டுவந்தது, யார் வழியாகக் கிடைத்தது. முதல் மூன்று மாதம் கடைசிக் கட்டத்தில் பாதிக்குப் பாதி 'தானாக வந்தது' என்றே இருந்தது. அப்படி எழுத வெட்கப்பட்டே சிலர் வேறு இடத்தில் தேட ஆரம்பித்தார்கள். ஒருமுறை தீப்பெட்டி ஆபீசில் வேலைபார்க்கிற பெண் ஒருத்தி தன் ஆச்சி பாடிய ஒப்பாரியைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவந்தாள். பதினொரு நிமிடம். 'யார் வழியாக' என்ற கட்டத்தில் ஆச்சி என்று எழுதப் போனேன். அக்கா பக்கத்தில் இருந்தாள்.

"ஆச்சிக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"தெரியலையே பெரியம்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அடுத்த மாதம் அவள் நாலு பெயரோடு வந்தாள். கட்டத்தில் இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.